சாவுக்கு மீட்டர் வட்டி

"என் மகன் எல்டன் ரிங் என்று ஒரு கேம் விளையாடுகிறான். ஒரே பாஸிடம் திரும்பத் திரும்ப அடிபட்டுச் சாகிறான். சாகச் சாக அந்த பாஸுக்குப் பலம் கூடுகிறது என்று சத்தியம் செய்கிறான். கேம்கள் அப்படிச் செய்யுமா, அல்லது பையன் சாக்குச் சொல்கிறானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சாக்குதான். 2022-இல் வெளிவந்த அந்த கேமில், தனியாகப் போய்ச் சண்டை போட்டால், பாஸின், அதாவது அந்தப் பெரிய எதிரியின், உயிர் அளவு முதல் தடவையும் ஐம்பதாவது தடவையும் ஒன்றேதான். செத்தால் அதுவரை சேர்த்த 'ரூன்'கள், அதாவது கேமுக்குள் செல்லும் காசு, செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் போயே போச்சு. தண்டனை அத்தோடு சரி. மற்றபடி மாறியிருப்பது பையன்தான். எரிச்சலில் அரை விநாடி முன்னதாகவே பட்டனை அமுக்குகிறான். அந்த அரை விநாடி பாஸுக்குப் போதும்.

ஆனால் கேள்வியை இத்தோடு மூடிவைக்க மனம் வரவில்லை. பையன் சொல்கிற மாதிரியே சாகச் சாக ஆட்டத்தைக் கடினமாக்கும் கேம்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அதைவிட வேடிக்கை, சாகச் சாக ஆட்டத்தை எளிதாக்கிவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கும் கேம்கள். இரண்டுக்கும் அடிப்படை பின்னூட்டம். விளைவு சுற்றி வந்து தன் காரணத்தையே வளர்த்தால் அது நேர்ப் பின்னூட்டம், தேய்த்தால் எதிர்ப் பின்னூட்டம். கேம் எழுதுபவரின் கையில் இருப்பது அந்தக் கூட்டல், கழித்தல் குறி மட்டும்தான்.

கூட்டல் குறி போட்டால் என்ன ஆகும் என்று மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியவரைக் கேட்டால் தெரியும். தவணை தவறினால் வட்டி ஏறும். வட்டி ஏறியதாலேயே அடுத்த தவணையும் தவறும். இந்தக் கணக்கில் எல்டன் ரிங் வட்டிக்கடையே இல்லை, அடகுக்கடை. மீட்க ஒரே ஒரு கெடு, தவறினால் நகை மூழ்கிவிடும், ஆனால் கடைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கமாட்டார்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் சாவுக்குத் தண்டனை நாணயம்: கையிலிருக்கும் லைஃப் தீர்ந்தால் இன்னொரு காசு போட வேண்டும். 1985-இல் கொனாமியின் கிரேடியஸ் ஒரு படி மேலே போனது. கப்பல் வெடித்தால் பொறுக்கிச் சேர்த்த ஆயுதம் அத்தனையும் காலி. முழு ஆயுதத்தோடு தாண்ட முடியாத இடத்தை வெறுங்கையோடு தாண்ட வேண்டும். 1999-இல் எவர்குவெஸ்ட் செத்தவரின் அனுபவப் புள்ளிகளைப் பிடுங்கியது, சில சமயம் ஒரு லெவலையே இறக்கிவிட்டது. சட்டை, வாள், கவசமெல்லாம் பிணத்தோடு கிடக்க, கொன்ற மிருகத்தின் வாசலுக்கே நிராயுதபாணியாகப் போய் அவற்றை எடுத்து வர வேண்டும். வரலாறு போதும்.

அசல் மீட்டர் வட்டியைக் கொண்டுவந்தது ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டீமன்ஸ் சோல்ஸ். 2009, ஹிடெடாகா மியாசாகி இயக்கியது. அதில் ஐந்து உலகங்கள். ஒவ்வோர் உலகத்துக்கும் வெளுப்பு, கறுப்பு என்று தனித்தனியே ஒரு அளவு உண்டு. பாஸைக் கொன்றால் அந்த உலகம் வெளுக்கும்; உடலோடு இருக்கும்போது செத்தால் கறுக்கும். கறுத்த உலகத்தில் எதிரிகளுக்கு உயிரும் அதிகம், அடியும் பலம். போதாததற்கு, செத்தவர் உடலை இழந்து ஆன்மாவாகத்தான் எழுந்து வருவார், பாதி உயிரோடு. ஆன்மாவாக எத்தனை முறை செத்தாலும் உலகம் மேலும் கறுப்பதில்லை என்பது ஒரு சலுகை. ஆனால் பொறி அங்கேதான் இருக்கிறது. உடலைத் திரும்பத் தரும் ஒரு கல் கிடைக்கும். திணறுகிற புதியவர் அதைத்தான் முதலில் நாடுவார். கல்லைச் செலவழித்து, முழு உயிரோடு கிளம்பி, அதே இடத்தில் மறுபடி சாவார். உலகம் இன்னொரு படி கறுக்கும். பழைய கடனை அடைக்க வாங்கிய புதுக் கடனுக்கு முதல் நாளிலிருந்தே மீட்டர் ஓடுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐந்து உலகங்களுக்கும் வாசல் இருக்கிற நெக்ஸஸ் என்ற மண்டபத்தில் நடக்கும் சாவு எந்த உலகத்தின் கணக்கிலும் சேராது. ஆகவே பாஸைக் கொன்று உடலைத் திரும்பப் பெற்றதும் நேராக நெக்ஸஸுக்கு வந்து, மாடிப்படிகளில் உச்சிவரை ஏறி, கீழே குதித்து உயிரை விட்டார்கள். பாதி உயிரோடு விளையாடினாலும் பரவாயில்லை, உலகம் கறுக்கக் கூடாது. வீரத்தைச் சோதிக்க வைத்த விதி, ஆட்டக்காரர்களைக் கணக்குப்பிள்ளைகளாக்கிவிட்டது. வெளுப்பு கறுப்புக் கணக்கை அந்த நிறுவனமும் அடுத்து வந்த டார்க் சோல்ஸுக்குக் கொண்டுபோகவில்லை.

2014-இல் வந்த டார்க் சோல்ஸ் 2 வட்டிக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. ஒவ்வொரு சாவுக்கும் முழு உயிரில் 5 சதவீதம் குறையும். பாதிக்குக் கீழே போகாது. படிப்படியாக நெருக்குவது போலத் தெரிகிறது அல்லவா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் முழு உயிர் 1,000, பாஸின் ஒரு அடி 300 என்று வையுங்கள். நடுவில் மருந்து குடிப்பதை விட்டுவிடுங்கள். முதலில் நான்காவது அடியில்தான் சாவீர்கள். ஒரு முறை செத்தபின் உயிர் 950. அப்போதும் நான்காவது அடிதான். இரண்டாவது சாவுக்குப் பிறகு 900. மூன்றாவது அடியிலேயே முடிந்தது கதை. அதன்பின் ஏழாவது சாவு வரை உயிர்ப் பட்டை சுருங்கிக்கொண்டே போனாலும், உங்களைத் தீர்க்க மூன்று அடி தேவை என்பது மாறாது. எட்டாவது சாவில் 600 ஆகும்போது இரண்டு அடி போதும். ஒன்பதும் பத்தும் சும்மா. ஆகப் பத்து தண்டனைகளில் நிஜமாக வலிப்பவை இரண்டே இரண்டு. மற்ற எட்டும் பட்டையைக் காட்டிப் பயமுறுத்துபவை. அதே கேமில் இன்னொரு விஷயமும் உண்டு: பெரும்பாலான எதிரிகள் 12 தடவை கொல்லப்பட்டால் மறுபடி வரமாட்டார்கள். ஒரே பாதையில் செத்துச் செத்துப் போகிறவருக்குப் பாதை தானாகவே காலியாகிறது. கூட்டல் குறிக்குப் பக்கத்திலேயே ஒரு கழித்தல்.

பயமுறுத்துவதற்காக மட்டுமே தண்டனை வைத்த கேமும் இருக்கிறது. 2017-இல் நிஞ்ஜா தியரி வெளியிட்ட ஹெல்பிளேட். ஒவ்வொரு தோல்விக்கும் நாயகியின் கையில் ஓர் அழுகல் மேலேறும், அது தலையை எட்டினால் அதுவரை விளையாடியது அத்தனையும் அழிந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே எச்சரிக்கும். பெரிய பரபரப்பு. இப்படியும் ஒரு கொடுமையா என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். வேண்டுமென்றே செத்துப் பார்த்தவர்கள் உண்மையைச் சொன்னார்கள்: எதுவும் அழிவதில்லை. பத்திரத்தில் கைரேகை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டுவராத கடன்காரர்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்தது 1996-இல் ஜப்பானின் ரைசிங் நிறுவனம் ஆர்கேடுகளுக்காகச் செய்த பேட்டில் கரெக்கா. விமானத்தில் பறந்து சுட்டுத்தள்ளுகிற ஆட்டம். வடிவமைத்தவர் ஷினோபு யகாவா. இதற்குள்ளே 'ரேங்க்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. அது திரையில் எங்கும் தெரியாது. நேரம் போகப் போக எண் ஏறும். நீங்கள் சுடுகிற ஒவ்வொரு குண்டுக்கும் ஏறும். ஆயுதத்தைப் பலப்படுத்தினால் ஏறும், பொருளைப் பொறுக்கினால் ஏறும். எண் ஏற ஏற எதிரிகள் கெட்டிப்படுவார்கள், அவர்களுடைய குண்டுகள் வேகமெடுக்கும். எண்ணை இறக்க ஒரே வழி சாவது. அதிலும் கையிருப்பில் லைஃப் எவ்வளவு குறைவோ, அவ்வளவு அதிகமாக இறங்கும்.

நல்ல ஆட்டக்காரராக இதில் இறங்கினால் என்ன நடக்கும்? கிடைத்ததையெல்லாம் அள்ளி, விரலை எடுக்காமல் சுட்டு, ஒரு லைஃப் கூட இழக்காமல் பாதி தூரம் போவீர்கள். அதற்குள் ரேங்க் உச்சத்தில் நிற்கும், திரை முழுக்கக் குண்டு, தப்ப இடமிருக்காது. தேர்ந்தவர்கள் வேறு மாதிரி ஆடுவார்கள். தேவைக்கு மட்டும் சுடுவார்கள், ஆசைப்பட்டு எதையும் பொறுக்கமாட்டார்கள். ஸ்கோர் பத்து லட்சத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு லைஃப் கிடைக்கும். அந்த லைஃபைப் பத்திரப்படுத்தாமல், தாங்களே தேர்ந்தெடுத்த இடத்தில் விமானத்தைக் கொண்டுபோய் மோதுவார்கள். ரேங்க் சரியும். அடுத்த பத்து லட்சத்துக்கு ஓடுவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு சாவும் கெடு தேதிக்கு முன்பே கட்டுகிற தவணை.

இதைப் பார்த்துவிட்டு, 'உங்கள் ஆட்டத்தைப் படித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு' என்று இன்று வருகிற விளம்பரங்களைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. ஆடுபவரின் திறமைக்கேற்ப எதிரிகளைக் கூட்டிக் குறைப்பதை 1986-இலேயே ஸனாக் என்ற கேம் செய்துவிட்டது. பெயர்தான் புதிது. உள்ளே பெரும்பாலும் ஓர் எண், அதைக் கூட்டிக் கழிக்கும் சில வரிகள்.

2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4-லும் அப்படி ஓர் எண் ஒளிந்திருந்தது, கழித்தல் குறியோடு. அடிக்கடி செத்தால் எதிரிகளின் அடி தணியும், சில இடங்களில் ஆட்களே குறைவார்கள். வென்றவர்கள் தங்கள் கைத்திறமை என்று நம்பினார்கள். நிண்டெண்டோவோ இரக்கத்தை ஒளித்துவைக்கவில்லை. 2009-இன் நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ-யில் ஒரே கட்டத்தில் எட்டு முறை செத்தால் ஒரு பச்சைக் கட்டி தோன்றும். முட்டினால் லூய்ஜி வந்து அந்தக் கட்டத்தை ஆடிக் காட்டுவான். எனக்கு இரண்டாவது வழிதான் நாணயமாகப் படுகிறது. கடனைத் தள்ளுபடி செய்வதானால் ஊரறியச் செய்யலாமே. ஆனால் ஊரறியச் செய்தால் வசதியுள்ளவரும் வரிசையில் நிற்பார் என்பதைக் கரெக்கா ஆட்டக்காரர்கள் காட்டிவிட்டார்கள். ரேங்கைத் திரையில் காட்டாமலே அவர்கள் அதைக் கண்டுபிடித்து வளைத்தார்கள்.

உங்கள் வீட்டு கேமில் எந்தக் குறி என்று பார்க்கச் சோதனை எளிது. ஆயுதம், லெவல் எதையும் மாற்றாமல், பாஸ் விழ எத்தனை அடி, ஆடுபவர் விழ எத்தனை அடி என்று முதல் தடவையும் பத்தாவது தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் மாறவில்லையென்றால் கேமைக் குறை சொல்வதற்கில்லை.

எதிரே நிற்பவரும் மனிதராக இருக்கிற ஆன்லைன் ஆட்டங்களில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே ஒருவரின் சாவு இன்னொருவரின் வருமானம். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் ஓர் எதிரியைக் கொன்றால் சாதாரணமாக 300 தங்கம். தொடர்ந்து கொன்றுகொண்டே வருபவரின் தலைக்கு விலை அதைவிட ஏறும். தொடர்ந்து செத்துக்கொண்டே இருப்பவரின் தலைக்கு விலை இறங்கிக்கொண்டே போகும். அவர் வாராக்கடன் கணக்கில் சேர்ந்துவிட்டவர். அவரைத் துரத்துகிற நேரத்தில் வேறு யாரையாவது துரத்தினால் எதிரணிக்கு லாபம்.