உள்பாவாடையின் இடுப்புப் பட்டி

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெண்மணிகள் அன்றாடம் உடுத்தும் உடைகளில், அளவெடுக்காமலே அணியப்படுவது உள்பாவாடை ஒன்றே எனலாம். ரவிக்கைக்காகத் தையற்காரரிடம் இரண்டு முறை நடக்கிறோம். பாவாடையையோ கடையில் நிறம் பார்த்து வாங்கி, நாடாவை இழுத்து முடிந்து கொள்கிறோம். சூரமங்கலம் உழவர் சந்தையில் விடியற்காலையிலேயே வந்தமர்ந்து காய் விற்பவரும், குழித்தறியில் பகலெல்லாம் உட்கார்ந்து நெய்பவரும் மாலையில் நாடாவை அவிழ்த்ததும் இடுப்பைச் சுற்றி ஒரு தடம் பதிந்திருக்கக் காண்பர். சிலருக்கு அத்தடம் நிலையாகக் கறுத்துச் செதில் எழுந்து அரிக்கும்.

பாவாடை கட்டினால் தடம் விழத்தானே செய்யும் என்று இதனை விட்டுவிடுவதற்கில்லை. வார்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த மருத்துவர்கள், முதிய பெண்மணிகள் இருவரின் இடுப்பில் ஆறாதிருந்த புண், தோற்புற்றாக மாறியிருந்ததை 2024-ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்தனர். ஒருவர் உள்பாவாடை நாடாவை இறுகக் கட்டி வந்தவர். மற்றவர் பாவாடையே இன்றிச் சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகும் வழக்கமுடையவர். ஆகவே குற்றம் நாடாவினுடையது மட்டுமன்று, இறுக்கத்தினுடையது. ஆடவரும் இதற்கு விலக்கல்லர். வேட்டிக் கட்டினால் இடுப்பில் தோன்றும் புற்றைப் பற்றிப் பம்பாயில் கானோல்கர், சூரியபாய் என்னும் இருவர் 1945-லேயே எழுதியுள்ளனர். புற்று வரை செல்வது மிக அரிது, அஞ்ச வேண்டியதில்லை. கறுப்பும் அரிப்பும் அவ்வளவு அரிதல்ல.

இழுவிசை ஒன்றேயாயினும், அது பரவும் அகலத்தைப் பொறுத்து அழுத்தம் மாறும். கால் அங்குலக் கயிறு தோலில் தரும் அழுத்தத்தில், இரண்டு அங்குலப் பட்டி தருவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. அன்றியும் மெல்லிய கயிறு வியர்வையில் திரைந்து, ஒரே கோட்டில் நின்று உராய்கிறது. சேலை நழுவிவிடுமோ என்னும் அச்சமே நம்மை மேலும் இறுக்கச் செய்கிறது. வழவழப்பான சாட்டின் பாவாடைதான் நழுவுமேயன்றி, பருத்திப் பாவாடை சேலையை நன்றாகவே பற்றி நிற்கும்.

இருக்கின்ற பாவாடையையே திருத்திக் கொள்ளலாம். முதலில் பழைய பட்டியைத் தையல் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஆறு துண்டு வைத்துத் தைத்த பாவாடையாயின் இங்கே ஓர் ஆதாயம் உண்டு. துண்டு ஒவ்வொன்றும் மேலே ஆறு அங்குலமும் கீழே பன்னிரண்டு அங்குலமும், நீளத்தில் முப்பத்தாறு அங்குலமும் இருப்பதாகக் கொள்வோம். மேலிருந்து ஓர் அங்குலம் வெட்டினால் துண்டுக்கு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு அகலம் கூடும். ஆறு துண்டும் சேர்ந்து இடுப்பில் ஓர் அங்குலம் கிடைத்துவிடும். பிள்ளைப் பேற்றுக்குப் பின் இடுப்பு பெருத்தவர்கள் புதுப் பாவாடை வாங்காமல் இதைச் செய்து பார்க்கலாம். வெட்டியதால் குறையும் உயரத்தை அகலமான புதுப் பட்டி ஈடு செய்யும்.

புதுப் பட்டிக்கு ஆறு அங்குல அகலத் துணி வேண்டும். ஓரங்களை அரை அங்குலம் உள்ளே மடித்து, இரண்டாக மடித்துத் தைத்தால் இரண்டரை அங்குலப் பட்டி நிற்கும். துணியைப் பாவு நீளத்தில் வெட்ட வேண்டும். ஊடை வாக்கில் வெட்டினால் பட்டி நாளடைவில் நெகிழும். நெய்பவருக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவைத்துக் கொள்வது நலம்; கஞ்சித் துணியைச் சுருக்கம் பாராமல் தைத்தால், முதல் சலவையிலேயே பட்டி இறுகிவிடும். உருட்டுக் கயிற்றுக்குப் பதில் ஓர் அங்குல அகலத் தட்டை நாடாவைக் கோக்க வேண்டும். எலாஸ்டிக்கும் இறுக்கமாக இருந்தால் தடம் விழச் செய்வதே.

அடுத்தது, நாடா முடியும் இடத்தில் உள்ள திறப்பு. அங்கே துணியின்றி நாடாவும் முடிச்சும் நேராகத் தோலில் படுகின்றன. ஆகையால் திறப்பின் உட்புறம் இரண்டு அங்குல அகலத் துண்டொன்றை ஒரு பக்கம் மட்டும் தைத்து, மறுபக்கத்தின் அடியில் படியுமாறு விட வேண்டும். முடிச்சை நாள்தோறும் ஒரே இடத்தில் வைக்காமல், பாவாடையைத் திருப்பி இடமும் வலமுமாக மாற்றிக் கட்டலாம்.

சிறுமியருக்குப் பாடி வைத்துப் பாவாடை தைக்கிறோம். பாரம் தோளில் விழுகிறது, இடுப்பு தப்பிக்கிறது. மகளுக்குத் தெரிந்த இந்த நன்மையைத் தாய் தனக்கென ஏனோ எண்ணுவதில்லை. இடுப்பில் புண் உள்ளவர் அது ஆறும் வரையில் பாடிப் பாவாடையே அணியலாம். சில வாரங்களில் ஆறாத புண்ணாயின் களிம்பு தடவிக் காலம் போக்காமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.

திருத்திய பாவாடையைக் கட்டியபின் ஒரு முறை தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் இடுப்புச் சுற்று கூடும். அந்நிலையில் பட்டிக்குள் இரண்டு விரல் தடையின்றி நுழைய வேண்டும். நுழையாவிடில் முடிச்சைத் தளர்த்துக. பிரித்தெடுத்த பழைய பட்டியை எறிய வேண்டாம். திறப்புக்குள் தைக்கும் துண்டுக்கு அதுவே போதும்.