பலகை காய்ந்தால்தான் சுத்தம்

அரிவாள்மனையில் கீரை அரிந்து பழகிய கை என்னுடையது. முழங்கால் வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போனதும் சமையல் மேடைக்கும் கத்திக்கும் மாறினேன். தாம்பரம் சண்முகம் சாலையில் நறுக்கும் பலகை கேட்டால், "மரம் எதுக்கும்மா, கிருமி சேரும்" என்று பிளாஸ்டிக்கை நீட்டினார்கள்.

இந்தப் பயத்தை அமெரிக்க உணவு நுண்ணுயிரியலாளர் டீன் கிளைவர் 1990-களில் சோதித்துப் பார்த்தார். கத்தி கீறிய பிளாஸ்டிக்கில் கிருமிகள் கழுவிய பிறகும் தங்கின. மரமோ அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கே அவை பெருகாமல் மெல்ல மடிந்தன.

சேலையூரில் நாங்கள் வாங்கும் கறிக்கடையில் இருப்பது புளியங்கட்டை. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து நிறுத்தியது. வெட்டு நாரின் முனையில் விழுவதால் நார் விலகிக் கொடுக்கிறது; கத்தி அவ்வளவாக மழுங்குவதில்லை. கடை கட்டும்போது கடைக்கார பாய் கட்டையைச் சுரண்டி, கல்லுப்பு போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார்.

வீட்டுக்குப் புளி, வேம்பு போன்ற நார் நெருக்கமான மரம் போதும். நன்றாகக் காய்ந்த மரமா என்று கேளுங்கள். பச்சை மரம் வெடிக்கும். ஒரு அங்குலமாவது தடிமன் இருக்கட்டும். தேக்கில் சிலிக்கா உண்டு, கத்தி சீக்கிரம் மழுங்கும். வார்னிஷ் அடித்தது வேண்டாம், பெயர்ந்து பொரியலில் விழும். கண்ணாடிப் பலகை கத்திக்கு எமன். மீன், கறிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கில் ஊறப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் கழுவுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் பலகை வளையும். துடைத்து, நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டால் அடிப்பக்கம் காயாது. மொட்டை மாடி வெயிலில் போட்டால் விரிசல் விடும். பூண்டு வாடைக்குக் கல்லுப்பும் பிழிந்த எலுமிச்சை மூடியும் போதும்.

பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நிற்காமல் உடனே உள்ளே இறங்கினால் எண்ணெய் பூச வேண்டிய நேரம். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்; உணவுத் தர மினரல் ஆயிலைத் தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் துடைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் பலகையில் கரும்புள்ளி வரும். மேலாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து, கழுவிக் காயவிடலாம். ஆழமாக இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது போன்ற வெள்ளத்தில் நனைந்த பலகையை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். சாக்கடை கலந்த அந்தத் தண்ணீரை மரம் குடித்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அது மறுபடி சமையலுக்கு ஆகாது.