சாண எரிவாயு குறைவது ஏன்?

சாண எரிவாயுக் கலன் அமைத்த சில வீடுகளில் முதல் வருடம் அடுப்பு நன்றாக எரிகிறது. பின்னர் சுடர் மெல்லக் குறைந்து, கலன் வெறும் குழியாகக் கிடக்கிறது. பெண்கள் மறுபடியும் புகையில் சமைக்கின்றனர். கொத்தனாரைக் குறை கூறுவதற்கு முன், தொழுவத்தில் நாள்தோறும் கிடைக்கும் சாணத்தை எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு கிலோ புதுச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் கலனுக்கு அன்றாடம் 25 கிலோ சாணம் தேவை. இதிலிருந்து வரும் 1,000 லிட்டர் வாயு, மணிக்கு 450 லிட்டர் செலவாகும் ஓர் அடுப்பை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எரிக்கும். மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் என்று கணக்கிடலாம். ஆனால் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் ஏறக்குறைய பாதி வெளியிலேயே விழுந்து விடும். கட்டுத்தறியில் நிற்கும் மாடுகளாயின் மூன்று போதும். மேயும் மாடுகளாயின் ஐந்தாவது வேண்டும். மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்று பெரிய கலன் கட்டுவதால் பயனில்லை. ஒரே மாடு உள்ளவர்கள் சாணத்தை எருக்குழியில் இடுவதே மேல்.

சாணமும் தண்ணீரும் சம அளவில் கலக்கப்பட வேண்டும். தண்ணீர் மிகுந்தால் சாணம் முழுதும் புளிக்கும் முன்பே வெளியேறி விடும். குறைந்தால் கரைசல் கெட்டியாகி வாயு மேலெழும்பாது. வைக்கோல் கூளம் கலந்தால் மேலே ஆடை போல் படிந்து வாயுவை அடைக்கும். கரைக்கும்போதே கையால் பொறுக்கி எறிதல் வேண்டும். பினாயில், சோப்புத் தண்ணீர், மாட்டின் மேல் உண்ணி மருந்து அடித்துக் கழுவிய நீர் ஆகியவை உள்ளே போகக் கூடாது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இவற்றால் மடிந்து விடும். மார்கழி, தை மாதங்களில் குளிரால் வாயு சற்றுக் குறைவது இயற்கை. சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் நீர் தேங்கியுள்ளது என்று பொருள். வடிகுழாயைத் திறந்து விட்டால் சரியாகி விடும்.

காற்றுப் புகாத இடத்தில் எந்தக் கழிவு மக்கினாலும் உண்டாவது இதே மீத்தேன்தான். அமெரிக்காவில் நியூயார்க் நகரின் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பை மேடு 2001-ல் மூடப்பட்டது. அங்குக் குழாய் இறக்கி எடுத்த வாயுவிலிருந்து கரியமில வாயுவை நீக்கி, வீடுகளுக்கு வழங்கினர். குப்பை மேட்டில் புதிய குப்பை விழாததால் வாயு வருடாவருடம் குறையும். தொழுவத்தில் மாடு உள்ளவரை அந்தக் குறை இல்லை.

புதிய கலனில் முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைக் கொளுத்தினால் வெடிக்கக்கூடும். திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும். அடைப்பு எடுப்பதற்காகக் கலனுக்குள் எவரும் இறங்கக் கூடாது. உள்ளே உயிர்க்காற்று இராது. இறங்கியவரைத் தூக்கச் சென்றவரும் மாண்டு போவதுண்டு. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

வாயு போக வெளிவரும் சாணக் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கிறது. இதை வெயிலில் காய வைத்தால் அச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். பாசன வாய்க்காலில் கலந்து பாய்ச்சலாம். அல்லது எருக்குழியில் சருகும் கூளமும் பரப்பி, அதன் மேல் ஊற்றி மக்க வைக்கலாம்.