கல்விசார் நூலகங்களின் இணையவழி ஆய்வு வழிகாட்டிகள்: தமிழாய்வாளர் நோக்கில் பயன்பாட்டெளிமை

முன்னுரை

ஒரு துறையில் ஆய்வு செய்வோர் நாடவேண்டிய நூல்கள், இதழ்கள், ஆய்வேடுகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றில் தேடும் முறையையும் விளக்கி நூலகம் வெளியிடும் இணையப் பக்கமே ஆய்வு வழிகாட்டி எனப்படும். கொள்ளிடத்தின் வடபுறத்தே உள்ள மண்ணச்சநல்லூரிலிருந்து, திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே அமைந்த பாரதிதாசன் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் ஆய்வாளர் கொள்ளிடம், காவிரி என இரண்டு ஆறுகளைக் கடக்கவேண்டும். நாள்தோறும் நூலகரை நேரில் வினவ இயலாத அத்தகையோர்க்கு இவ்வழிகாட்டியே நூலகரின் பணியைச் செய்யவேண்டியுள்ளது. அது எளிதில் பயன்படுமாறு அமைய வேண்டியதன் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

பயன்பாட்டெளிமையின் அளவுகோல்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. பன்னாட்டுத் தர அமைப்பின் 9241-11 என்னும் தரம், பயன்பாட்டெளிமையைப் பயன்விளைவு, வினைத்திறன், மனநிறைவு ஆகிய மூன்றின்வழி வரையறுக்கிறது. ஆய்வாளர் தேடியதைக் கண்டடைந்தாரா, எவ்வளவு நேரத்தில் கண்டடைந்தார், அப்பக்கத்தை மீண்டும் நாட விரும்புகிறாரா என்பன இவற்றிலிருந்து எழும் வினாக்கள். ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கை இவற்றிற்கு விடையாகாது.

தமிழாய்வில் எழும் இடர்

இன்ஃபிலிப்நெட் மையம் பேணும் சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்து வழங்குகிறது. தமிழ் ஆய்வேட்டின் தலைப்பு இத்தகைய தொகுப்பில் தமிழ் எழுத்திலோ உரோமன் எழுத்திலோ பதிவாகியிருக்கலாம். உரோமன் எழுத்திலும் ஒரே முறை இல்லை. தமிழ்ப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி ‘சிலப்பதிகாரம்’ ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தில் தொடங்கும். பொதுவழக்கில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும். இடையில் வரும் தகரமும் பலவாறு எழுதப்படும். ஒரு வடிவில் மட்டும் தேடுபவர், முன்னாய்வு இல்லையெனக் கருதி, முன்னரே ஆராயப்பட்ட தலைப்பையே மேற்கொள்ள நேரிடும். சில ஆண்டு உழைப்பு வீணாகும். தளத்தின் பெயரையும் இணைப்பையும் மட்டும் தரும் வழிகாட்டி இதனைத் தடுப்பதில்லை. ‘மின்வளங்கள்’ என்ற பொதுத் தலைப்பிற்கு மாறாக ‘முன்னாய்வுகளைக் கண்டறிதல்’ எனப் பெயரிட்டு, எழுத்து வடிவங்களை எடுத்துக்காட்டுடன் வரிசைப்படுத்தும் வழிகாட்டி தடுக்கும்.

மதிப்பிடும் முறை

இதனைச் சோதிக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஐவரைக்கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்பது யாக்கோப் நீல்சன் 2000இல் முன்வைத்த கருத்து. ‘சிலப்பதிகாரம் பற்றிய மூன்று ஆய்வேடுகளைக் கண்டறிக’ என்பதுபோன்ற ஒரு பணியை ஆய்வாளர்க்கு அளித்து, உதவாமல் அருகிருந்து, அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்துதல் போதுமானது.

முடிவுரை

ஆய்வு வழிகாட்டியின் பயன் ஆய்வாளரின் வினாவிலிருந்து தொடங்கும் அமைப்பைப் பொறுத்தது. தமிழ் எழுத்துக்கும் உரோமன் எழுத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடுகளைத் தமிழ்த்துறையினரே நன்கு அறிவர். ஆதலின் நூலகரும் தமிழ்ப் பேராசிரியரும் இணைந்து இவ்வழிகாட்டிகளை உருவாக்குதல் இன்றியமையாதது.