தானியங்கி விமானியும் விழித்திருக்கும் விமானியும்

சிறு விமானத்தில் நீண்ட தூரம் தனியாகப் பறப்பவரைக் களைப்பும் தூக்கமும் எளிதில் வென்றுவிடும். அவருக்குக் கைகொடுப்பது 'ஆட்டோபைலட்' எனப்படும் தானியங்கி விமானி. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது. விமானம் சாய்ந்தால், சுழலும் சக்கரத்தைக் கொண்டு அச்சாய்வை அறிந்து நேராக்குவதே தொடக்ககாலக் கருவிகளின் செயல்முறை.

1933 ஜூலையில் அமெரிக்கரான வைலி போஸ்ட், ஒற்றை எஞ்சின் கொண்ட 'வின்னி மே' விமானத்தில் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதரானார். 7 நாள், 18 மணி, 49 நிமிடங்கள் ஆயின. ஒரு கண்ணை இழந்திருந்த அவருக்கு இக்கருவியே துணை. ஆயினும் ஒரு ஸ்பேனரைக் கயிற்றால் விரலில் கட்டிக் கையில் பிடித்திருந்தார். கண்ணயர்ந்தால் அது நழுவும், விரல் வெடுக்கென இழுபடும், விழிப்பு வந்துவிடும்.

2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், தனியாகப் பறந்த விமானி ஒருவர் இக்கருவி இயங்கும்போதே உறங்கிவிட்டார். இறங்கவேண்டிய கிங் தீவைக் கடந்து 78 கிலோமீட்டர் சென்றது விமானம். நல்லவேளையாக அவர் விழித்துப் பத்திரமாகத் தரையிறங்கினார்.

கருவி திசையையும் உயரத்தையும் காக்கும். எரிபொருளையும் வானிலையையும் நாம்தான் கவனிக்க வேண்டும். இறக்கையில் பனி உறைந்தால், உயரம் குறையாதிருக்க அது விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்தும்; வேகம் குறைவது கைக்குத் தெரியாது. கவனியாதவர் தடுமாறி விழ நேரிடும்.

சுமையைப் பகிரும் எந்த உதவியும் பொறுப்பை ஏற்பதில்லை. நம் கைகள் ஓய்ந்திருக்கும்போது நம்மை விழிக்கச் செய்யும் ஸ்பேனர் எது? சிந்திப்போம்.