எடைக் குறைப்புச் செயலியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்

அமெரிக்காவில் 'கர்போ' என்று ஒரு செயலி இருந்தது. வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2019இல் கொண்டுவந்தது. 8 முதல் 17 வயதுவரையிலான பிள்ளைகளின் எடையைக் கட்டுக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். சாப்பிட்டதையும் எடையையும் பிள்ளைகள் பதிவிடுவார்கள். உணவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று செயலி பிரித்துக் காட்டும். 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோரின் அனுமதி இல்லாமல் திரட்டியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குக்குப் போனது. 2022 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்தில் நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. முறையில்லாமல் திரட்டிய தகவல்களை மட்டுமல்ல, அவற்றை வைத்து உருவாக்கிய அல்காரிதங்களையும் அழிக்க வேண்டியதாயிற்று.

வளரிளம் பருவத்தினரின் உடல்பருமன் விளையாட்டான விஷயம் அல்ல. 2022இல் உலகெங்கும் 5 முதல் 19 வயதுக்குள் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுடன் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 16 கோடிப் பேருக்கு உடல்பருமன். இத்தனை பேருக்கும் வைத்தியம் பார்க்க எந்த நாட்டிலும் ஆள் போதாது. அதனால்தான் கணினியும் செல்போனும் வழியாக நல்ல பழக்கங்களைச் சொல்லித்தரும் திட்டங்கள் பெருகின.

அவை பலன் தருகின்றனவா? நெதர்லாந்தில் 20 பள்ளிகளில் 12, 13 வயது மாணவர்கள் 883 பேரிடம் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒவ்வொருவரின் பழக்கத்துக்கும் ஏற்ப இணையம் வழியே ஆலோசனை சொன்ன திட்டம் அது. நான்கு மாதத்தில் சர்க்கரைப் பானமும் நொறுக்குத்தீனியும் குறைந்தன. ஆனால் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது உடல் எடையிலோ இடுப்பளவிலோ மாற்றம் இல்லை.

எனக்கு இது வியப்பாகத் தெரியவில்லை. 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று திரை சொல்லித்தரும். பள்ளி வாசலில் உள்ள கடையை அதனால் அகற்ற முடியாது. தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று நினைவூட்டும், பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டால் அது என்ன செய்யும்? ராத்திரி பத்து மணிக்கு வீடே பரோட்டா சாப்பிடும்போது பிள்ளைக்கு மட்டும் செயலி புத்தி சொல்வது கொடுமை. உடல்பருமனுள்ள பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது நிபுணர்கள் தொடர்பில் இருக்கும் தீவிரப் பயிற்சி வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு பரிந்துரைக்கிறது. தானாக வந்து விழும் அறிவிப்புகள் அதற்கு ஈடாகாது.

பலனில்லாமல் போவதைவிட எனக்குப் பெரிய கவலை, கேடு விளைவது. வளரும் பிள்ளைக்குப் பல நேரங்களில் எடை குறைய வேண்டியதே இல்லை. எடை அப்படியே நிற்க, உயரம் கூடினால் போதும். பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. அளவுகோலை அப்படியே 13 வயதுப் பெண்ணுக்குப் போட்டு 'நீ குண்டு' என்று சொல்லும் செயலியை உடனே நீக்குங்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் திருத்தி வெளியிட்டிருக்கிறது. மருத்துவர் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கலோரி எண்ணுவது, தினமும் எடைபார்ப்பது, முன்பு–பின்பு படங்கள் போடுவது ஆகியவை பதின்வயதில் உணவுக் கோளாறுக்கு இட்டுச் செல்லலாம். சாப்பாட்டை ஒளிப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வது, மாதவிடாய் நின்றுபோவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள். வீட்டில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் இதே கேட்டைச் செய்கிறது.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோருமே குழந்தைதான். அவர்களின் தகவலைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் கிடைத்திருக்கிறது. ஆகவே இப்போதைக்குப் பெற்றோர்தான் முதல் காவல். எடை, உயரம், புகைப்படம், இருப்பிடம் எல்லாவற்றையும் எதற்குக் கேட்கிறார்கள், கணக்கை மூடினால் அழித்துவிடுவார்களா என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் சேர்க்க வேண்டாம்.

இலவசமாகத் தொடங்கும் ஆலோசனை கடைசியில் பொடியோ டீயோ விற்பதில் போய் நிற்பதும் உண்டு. உடல்பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். ஏமாற்று விளம்பரத்தைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். திரைப் பதிவையும் பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்; கேட்கவில்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு செயலி வாங்கும் பணமும் நேரமும் இதற்குத் தேவைப்படாது, பலன் அந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைக்கும்.

பிள்ளையின் கழுத்துக்குப் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால், அழுக்கென்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவிலேயே காட்டலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் தைராய்டு பரிசோதனை செய்துகொண்டு, அதன்பிறகு எந்தப் பழக்கத்தை மாற்றுவதென்று மருத்துவரிடம் பிள்ளையையே பேச விடுங்கள்.