உங்களுக்குத் தெரியுமா? கொல்லிமலையின் ஒற்றைக்கொம்பு

கொல்லிமலையிலுள்ள ஆலத்தூர் நாட்டில் ஒருவர் கைப்பேசியில் ‘கொல்லிமலை’ என்று தட்டினால், முதல் எழுத்துக்கு உள்ளே வழக்கமாகப் பதிவாவது ககரமும் அதன் பின் ஒகரக் குறியும்தான். அந்தக் குறியைப் பிரித்து, ஒற்றைக்கொம்பை முன்னும் துணைக்காலைப் பின்னும் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருள். ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் மூன்றிலும் இருப்பது இதுவே.

இன்னும் வெளியாகாத அதன் உருவாக்கப் பதிப்பை யாரும் சோதிக்கலாம். கிட் வழியாக மூலநிரலை இறக்கி, மேசான், நிஞ்சா கருவிகளால் தொகுத்து, ‘ஹெச்பி-வியூ’ கட்டளைக்கு ஒரு தமிழ் எழுத்துருவையும் நம் ஊர்ப்பெயரையும் கொடுத்தால், பெயர் படமாக வந்து நிற்கும். கொம்பு இடம் மாறியிருந்தால், தமிழ் படிக்கும் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். தெரிந்தால் உடனே பிழையறிக்கை அனுப்புங்கள். கைப்பேசிகளுக்குப் போய்ச் சேருமுன் பிடிக்க வேண்டிய பிழை அது.